தொண்ணூறில் நின்றுபோகும் வண்டி

எண்பது. எண்பத்தி ரெண்டு. ஸ்பீடு காட்டுற முள்ளு ஏறிக்கிட்டே இருக்கு. போதும் தமயந்தி, இதுக்கு மேல மிதிக்காதே. ஏன் மிதிக்கக் கூடாது, நாலு வழிச் சாலைல எண்பதுல உருட்டிக்கிட்டுப் போனா பின்னாடி வர்றவன் ஆரன் அடிச்சே காதைப் பிச்சிருவான், அதுலயும் இவ பக்கத்துல உக்காந்திருக்கா, இவ முன்னாடி நான் உருட்டணுமா. துவரங்குறிச்சி தாண்டியாச்சு. மேலூர்ல வண்டிய எடுத்ததுல இருந்து ஒரு தடவைகூட நிக்கலை. கருப்பா, திருச்சி வரைக்கும் நிக்கக் கூடாது, அவ்வளவுதான் கேக்குறேன், போறதுக்கு மட்டும்தான், இல்ல இல்ல, வர்றப்ப என் மக வண்டியில இருப்பா, வர்றதுக்கும் சேத்தே கேட்டுக்கிறேன். இவ ஆரஞ்சு உரிக்கிறா. என் ஓரகத்தி வினோதினி, கொழுந்தன் பொண்டாட்டி. உரிக்கிறதுலகூட ஒரு நறுவிசு, தோலு ஒரே சுருளா வருது, நான் உரிச்சா சாறு கண்ணுல அடிக்கும். "அக்கா, ஒரு சுளை?" வாய்கிட்ட நீட்டுறா. வேணாம்னா மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கான்னு நெனைப்பா, வாங்கிக்கிட்டேன், இனிப்பா இருக்கு, அதுவும் எரிச்சலா இருக்கு. கார் சாவியோட தொங்குற சாவிக்கொத்து வலது முட்டியில சலக் சலக்குன்னு இடிச்சுக்கிட்டே வருது. வண்டி எண்பத்தஞ்சு தாண்டினாலே ஸ்டியரிங் நடுங்கும், பழைய வண்டி, அதோட இந்தக் கொத்தும் ஆடும். ஆடட்டும். நின்னா என்ன ஆகும்னு காலையில வாசல்லயே சொல்லிட்டாக என் வீட்டுக்காரர். "இன்னைக்கும் நின்னுச்சுன்னா, தமயந்தி, இனிமே நீ ஊருக்குள்ள மட்டும் ஓட்டிக்க. ஹைவேல வினோவே ஓட்டட்டும். எதுக்கும் இப்பப் பக்கத்துல ஒரு டிரைவர் இருக்கட்டும்." அவளை வச்சுக்கிட்டே சொன்னாக. பக்கத்துல ஒரு டிரைவராம். அப்ப ஸ்டியரிங்கைப் பிடிச்சிருக்குறவ யாரு, டிக்கியில ஏத்துன மூட்டையா?

நாப்பது வயசுல கத்துக்கிட்டேன் இந்த வண்டிய. யாரும் கத்துக்கோன்னு சொல்லலை, யாரும் பாராட்டவும் இல்ல. கல்யாணமாகி வந்ததுல இருந்து இவுக ஸ்கூட்டர்ல பின்னாடி ஒரு பக்கமா உக்காந்து, சேலையைச் சொருகிக்கிட்டு, எங்க போகணும்னாலும் இவுக மூஞ்சியைப் பாத்து நேரம் கேட்டு, அப்படியே பாதி ஆயுசு போச்சு. முதல் தடவை நானே தனியா என் மக ஆதிரைய டியூஷன்ல இருந்து கூட்டிக்கிட்டு வந்த அன்னைக்கு, அவ முன்சீட்டுல காலைத் தூக்கிப் போட்டுக்கிட்டு, "கெத்தும்மா நீ"ன்னா. அந்த ஒரு வார்த்தைய நான் இன்னும் மென்னுக்கிட்டு இருக்கேன். அதுக்கப்புறம்தான் மகாராணி மஸ்கட்ல இருந்து வந்து இறங்குனா. கொழுந்தன் அங்கேயே இருக்காரு, இவ மட்டும் இங்க மாமியார் வீட்டுல இருக்கட்டும்னு ஏற்பாடு. வந்ததும் வராததுமா, "நான் அங்க நூத்தி இருபதுல போவேங்க்கா"ன்னு சிரிக்கிறா. சிரிப்பு வேற அழகு. எங்க அத்தை, என் கையால சோறு தின்னுட்டு உப்புக் கூடிருச்சுன்னே சொல்ற மனுஷி, இவ ஒரு நாள் பிள்ளையார்பட்டிக்கு ஓட்டிக்கிட்டுப் போனதுக்கு, "வினோ ஓட்டுனா உள்ளங்கையில வச்சுக் கொண்டுபோற மாதிரி இருக்குத்தா"ன்னு தெருவெல்லாம் சொன்னாக. நான் ஓட்டுனா? முழங்கையில வச்சா கொண்டு போறேன்?

தொண்ணூறு. பாலம் வருது. பாலத்துல ஏறுறப்ப ஒரு குதி குதிக்கும், அங்கதான் பயமே. போன தடவையும் பாலம்தான். ஆதிரைய ஆஸ்டல்ல விடப் போறப்ப, அவ பின்னாடி புத்தகமும் போர்வையுமா உக்காந்திருந்தா, பாலத்துல ஏறி இறங்குன அடுத்த மூச்சுல இஞ்சின் சத்தம் இல்ல. சத்தம் இல்லங்கறது எவ்வளவு பெரிய சத்தம்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுச்சு. ரேடியோவுல ஒருத்தி பாட்டுக்குப் பாடிக்கிட்டே இருக்கா, வண்டி மட்டும் பொணமாக் கெடக்கு, மிதிச்சா வேகம் இல்ல, திருப்புனா ஸ்டியரிங் கல்லு மாதிரி இருக்கு. பின்னாடி ஒரு லாரி. அவன் ஆரனைக் கையை எடுக்காம அமுக்கிக்கிட்டு எங்களை உரசிக்கிட்டுப் போனான், கண்ணாடி மடங்கிருச்சு. ஆதிரை கத்துன கத்து. அவளைப் பெத்தப்ப நான்கூட அப்படிக் கத்தலை. ஓரமா வந்து நின்னதும் இறங்கிப் போய் வாந்தி எடுத்தா. சாவியைத் திருகுனா, ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆச்சு பாவி வண்டி. மிச்ச தூரமும் அறுபதுலதான் போனேன், அவ ஒரு வார்த்தை பேசலை. இப்ப லீவுக்குக் கூப்பிட வரேன்னு போன் போட்டா, "யாரும்மா ஓட்டுவா? சித்தியை ஓட்டச் சொல்லு. நீ ஓட்டுனா நான் பஸ்ல வந்துக்கிறேன்"ங்கறா. சித்தியை ஓட்டச் சொல்லணுமாம். பெத்தது நான், பேதிக்கு மருந்து குடுத்தது நான், உசுரை நம்பி உக்கார்றதுக்கு சித்தி வேணும். அதான் இன்னைக்கு நானே ஓட்டுவேன்னு ஒத்தைக் கால்ல நின்னேன். ஆஸ்டல் வாசல்ல, ஸ்டியரிங்குக்குப் பின்னாடி இருந்து நான் இறங்கணும், அவ பாக்கணும். வேற ஒண்ணும் வேணாம் எனக்கு.

பாலம் ஏறிருச்சு. தடக். முட்டியில கொத்து ஓங்கி ஒரு இடி. இறங்கிருச்சு. நிக்கலை. அப்பாடா. முதுகுல ஜாக்கெட் ஒட்டிருச்சு. "என்னக்கா, வேர்க்குது உங்களுக்கு, ஏசியைக் கூட்டவா?" கூட்டுறா, நான் சரிங்கறதுக்குள்ளயே கூட்டுறா, எந்தப் பொத்தான் எங்க இருக்குன்னு என்னை விட அவளுக்குத் தெரியுது. அவ ஓட்டுனா ஏன் நிக்க மாட்டேங்குது? அது ஒண்ணுதான் எனக்குப் புரியலை. பெட்ரோல் பம்பு மாத்தியாச்சு, ஃபில்டர் மாத்தியாச்சு, என்னமோ சென்சாராம், காயிலாம், அதையும் மாத்தியாச்சு, ஒவ்வொரு தடவையும் பட்டறை ஜமால் பாய், "இனிமே நிக்காதுக்கா, நானே கொட்டாம்பட்டி வரைக்கும் நூறுல ஓட்டிப் பாத்துட்டேன், வெண்ணெய் மாதிரி போகுது"ங்கறாரு. அவருக்கு வெண்ணெய். இவளுக்கு வெண்ணெய். இவுக ஓட்டுறது ஞாயித்துக்கிழமை கறிக்கடை வரைக்கும், முப்பதைத் தாண்ட மாட்டாக, அதுலயும் நிக்கலை. நான் உக்காந்தா மட்டும் அதுக்கு மாரடைப்பு. கடைசித் தடவை பாய் தலையைச் சொறிஞ்சுக்கிட்டு, "தப்பா நெனைக்காதீங்க, கிளட்ச் மேலயே கால வச்சுருவீங்களோ?"ன்னாரு. எல்லாரும் சுத்தி வளைச்சு அங்கதான் வர்றாக. வண்டி நல்ல வண்டி, ஓட்டுறவதான் சொத்தை. ஆனா எனக்குத் தெரியும் இது என்னன்னு. இது கண்ணு. அவ வந்த பொறகுதான் இது ஆரம்பிச்சுச்சு. அதுக்கு முன்னாடி நான் திருச்சிக்குப் போயிருக்கேன், திண்டுக்கல்லுக்குப் போயிருக்கேன், ஒரு இருமல்கூட இருமுனதில்ல வண்டி. வயித்தெரிச்சல் பட்டவ கண்ணு பட்டா கல்லும் வெடிக்கும்ல. எதுக்கு என் மேல வயித்தெரிச்சல் அவளுக்குன்னு கேட்டா, அது எனக்குச் சரியாச் சொல்லத் தெரியலை. என்கிட்ட இருக்குறது, அவகிட்ட இல்லாதது, என்ன இருக்கு? ஆதிரை இருக்கா. அவளுக்கு இன்னும் பிள்ளை இல்ல. அப்புறம் இந்தக் கொத்து இருக்கு.

ஆமா, கொத்து. அத்தை முட்டி ஆபரேஷன் பண்ணிக்கிட்டுப் படுத்த அன்னைக்கு இடுப்புல இருந்து உருவி என் கையில குடுத்த கொத்து. ஒரு ஜாண் நீளத்துக்குத் தலைவாசல் சாவி, பீரோ சாவி, சாமி ரூம், நெல்லு ரூம், மோட்டார் ரூம், கொல்லைக் கேட்டு, எதுக்குன்னே யாருக்கும் தெரியாத ரெண்டு துருப்பிடிச்ச சாவி, எல்லாத்தையும் கோத்த பித்தளை வளையம். "இந்தா, இனி நீ பாத்துக்க"ன்னாக, அவ்வளவுதான், ஆனா அந்த ஒத்தை வார்த்தைக்காக எத்தனை வருஷம் அந்த அடுப்படியில வெந்தேன். வினோ அப்ப மஸ்கட்ல இருந்தா, பாக்கலையேன்னு எனக்கு ஒரு குறை. அவ வந்த மறுநாளே இவுக, "கார் சாவி ஹால்ல ஆணியிலயே தொங்கட்டும், யாருக்கு வேணுமோ எடுத்துக்கலாம்"னாக. யாருக்கு வேணுமோன்னா யாரு? வீட்டுல வண்டி ஓட்டத் தெரிஞ்சவக எத்தனை பேரு? அன்னைக்குச் சாயங்காலமே கார் சாவியை எடுத்து இந்தக் கொத்துல கோத்து இடுப்புல சொருகிட்டேன். வேணும்னா என்கிட்ட வந்து கேக்கட்டும், "அக்கா, சாவி"ன்னு ஒரு வார்த்தை கேக்கட்டும், நான் அவிழ்த்துக் குடுக்கிறேன். கேட்டாளா? கேக்கலையே! இவுக மேசை டிராயர்ல கெடந்த இன்னொரு சாவியை வாங்கி, ஒரு சிவப்புக் கயித்தைக் கட்டிப் பர்சுல வச்சுக்கிட்டா. அந்தக் கயித்தைப் பாக்குறப்பல்லாம் எனக்குப் பத்திக்கிட்டு வரும். வண்டி முதல் தடவை நின்னதும் எலுமிச்சம்பழம் வச்சு ஏத்துனேன். அப்புறம் சின்னதா ஒரு வேல் வாங்கிக் கொத்துல மாட்டினேன். அப்பவும் நின்னுச்சு. அழகர்கோயில் போய்ப் பதினெட்டாம்படிக் கருப்பன்கிட்ட அழுது, அவன் சன்னதியில வச்சு எடுத்த வெண்கல மணி ஒண்ணு, உள்ளங்கை அகலம், அதையும் கொத்துல கோத்தேன். அதுக்கப்புறம் அதிகமா நிக்க ஆரம்பிச்சுச்சு. அப்ப எவ்வளவு பொல்லாத கண்ணா இருக்கணும் பாருங்க.

"ஆதி போன் பண்ணுனா காலையில"ங்கறா இப்ப. எனக்கு முந்தி இவளுக்குப் பண்ணியிருக்கா. "என்னவாம்?" "சும்மாதான்க்கா. வர்ற வழியில விராலிமலையில பரோட்டா சாப்பிடணுமாம்." பரோட்டா சாப்பிடணும்னு என்கிட்ட சொல்ல மாட்டாளா? நான் என்ன வயிறு கெட்டுப் போகும்னா சொல்லிருவேன், சொல்லுவேன்தான், இருந்தாலும் என்கிட்ட சொல்லணும்ல. இன்னும் என்னென்ன பேசிக்கிறாளுகளோ. கால் தானா அமுங்குது. தொண்ணூத்தஞ்சு. நான் நூறுல போவேன், பாத்துக்க. நீ மட்டும்தான் போவியா? முன்னாடி போற ஆம்னி பஸ்ஸை முந்திப் போறேன், வலது பக்கம் எடுத்தாச்சு, ரோட்டுல ஒட்டுப் போட்ட இடம், தடதட தடதடன்னு, மணி கணகணன்னு ஆடுது, முட்டியில இடி, நூறு, நூறு வந்துருச்சு, பாத்தியாடீ,

சத்தம் இல்ல.

ஐயோ. ஐயோ கருப்பா. பாட்டு பாடுது, முள்ளு எல்லாம் படுத்துருச்சு, ஒரு லைட்டுகூட எரியலை, பஸ் இடது பக்கம் மலை மாதிரி கூடவே வருது, அவன் போனா எனக்கு வழி, அவன் போக மாட்டேங்குறான், பின்னாடி ஒரு கார் பளிச் பளிச்சுன்னு லைட்டு அடிக்குது, ஆதிரை கத்துறா, ஆதிரை இங்க இல்ல, கத்துறது நான்தான். "அக்கா. அக்கா, இங்க கேளுங்க. ஸ்டியரிங்கை ரெண்டு கையாலயும் பிடிங்க. பஸ் போகட்டும். பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காதீங்க, ஒரே மிதியா, மெதுவா. இப்ப இடது பக்கம். வாங்க, வாங்க." அவ கையும் ஸ்டியரிங்ல, என் கைக்குப் பக்கத்துல, ஆரஞ்சு வாசனை. பஸ் போயிருச்சு. பின்னாடி வந்தவன் திட்டிக்கிட்டே போறான். ஓரம். மண்ணு. நின்னுச்சு.

அழுகை வருது, இவ முன்னாடி அழ மாட்டேன், வந்துருச்சு. முடிஞ்சுச்சு தமயந்தி. இனிமே ஊருக்குள்ள, காய்கறி மார்க்கெட்டு, ரேஷன் கடை. ஆஸ்டல் வாசல்ல ஸ்டியரிங்குக்குப் பின்னாடி இருந்து இவ இறங்குவா, என் மக ஓடி வந்து இவளைக் கட்டிப்பா. தண்ணி பாட்டிலை நீட்டுறா. குடிச்சேன். "நான் ஓட்டவாக்கா? என் சாவியை வீட்டுல வச்சுட்டு வந்துட்டேன், உங்களோடதைக் குடுங்க." கையை நீட்டுறா. கேட்டுட்டா. அக்கா, சாவி. எத்தனை மாசமா இவ இதைக் கேக்கணும்னு காத்துக்கிட்டு இருந்தேன், கேட்ட லட்சணத்தைப் பாரு. சாவியை உருவி, எப்பவும் போல கொத்துல இருந்து கார் சாவியைத் தனியாக் கழட்ட நகத்தை விட்டேன். கொத்தோட குடுப்பேனா, பீரோ சாவி இருக்குல்ல. ஜமால் பாய்க்கும் இப்படித்தான் கழட்டிக் குடுப்பேன். இவுக கறிக்கடைக்குப் போறப்பவும் கழட்டித்தான். இவளுக்குன்னா சிவப்புக் கயிறு. கொத்தோட ஓட்டுறது நான் மட்டும். நான் மட்டும். நகம் வளையத்துல அப்படியே நிக்குது. நான் மட்டும்தான்.

மறுபடியும் சாவியைச் சொருகினேன். திருகினேன், உறுமிக்கிட்டு எந்திரிச்சுச்சு. ஆக்சிலேட்டரை லேசா அமுக்கி வச்சுக்கிட்டு, தொங்குற கொத்தை ரெண்டு விரலால பிடிச்சுக் கீழ ஒரு இழு. சாவி ஒரு கட்டம் பின்னாடி சுத்துச்சு. பட்டுன்னு அணைஞ்சுச்சு இஞ்சின். பாட்டு பாடுது. இன்னொரு தடவை. ஸ்டார்ட். இழு. அணைஞ்சுச்சு. வேலும் மணியும் தலைவாசலும் நெல்லு ரூமும் சேந்து என் வண்டிய அணைச்சுக்கிட்டே இருந்திருக்கு. கண்ணும் இல்ல மண்ணும் இல்ல. காயில் மாத்துனோம், பம்பு மாத்துனோம், கருப்பனைப் போய்த் தொந்தரவு பண்ணுனோம். திரும்பிப் பாத்தேன். அவளும் கொத்தையேதான் பாத்துக்கிட்டு இருக்கா. புரிஞ்சுருச்சு அவளுக்கு. கார் சாவி எப்பக் கொத்துக்குள்ள போச்சுன்னும் அவளுக்குத் தெரியும், வந்த மறுநாள் அந்த ஆணி வெறுமையா இருந்ததை அவ பாத்துருப்பா. சிரிக்கப் போறா. சிரிடீ, சிரிச்சுத் தொலை. சிரிக்கலை. கார் சாவியைக் கழட்டுனேன். கொத்தை இடுப்புல சொருகிக்கிட்டு உக்காந்து ஓட்ட முடியாது, பையில போடலாம்னா பை பின்சீட்டுல கெடக்கு. "இந்தா, இதைப் பிடி"ன்னு அவ மடியில போட்டேன். "ஆத்தாடி, என்னக்கா இந்தக் கனம் கனக்குது!" "நான்தான் ஓட்டுவேன்"னேன். "ஓட்டுங்கக்கா, நான் என்ன வேணாம்னா சொன்னேன்?"ங்கறா.

எண்பது. தொண்ணூறு. முட்டியில ஒண்ணும் இடிக்கலை, அதுவே ஒரு மாதிரி இருக்கு, கம்மல் போடாத காது மாதிரி. பாலம் வந்துச்சு, தடக், தாண்டிருச்சு. ஒட்டுப் போட்ட இடம் ஒண்ணு, அதையும் தாண்டிருச்சு. நூறு. நூத்தி அஞ்சு. ஓடு ராசா, ஓடு. இனிமே கார் சாவியைக் கொத்துல கோக்க முடியாது, ஆணியிலதான் தொங்கணும், யாருக்கு வேணுமோ எடுத்துக்கலாம், எடுத்துக்கட்டும், எடுத்துத் தொலையட்டும், மனசு ஆறவே மாட்டேங்குது. கடைக்கண்ணால பாக்குறேன், கொத்து ஆடாம இருக்க ரெண்டு கையாலயும் பொத்தி வச்சிருக்கா, பிள்ளையை வச்சிருக்குற மாதிரி. கேட்டு வாங்கிரலாமா? ஓட்டுற கையால எங்க வச்சுக்கிறது? அவ போன் அடிக்குது. ஆதிரை. அப்பவும் அவ போன்தான். ஸ்பீக்கர்ல போட்டா. "சித்தி, எங்க வர்றீங்க? நீங்கதான ஓட்டுறீங்க?" "இல்லடா. அம்மாதான்." அந்தப் பக்கம் சின்னக் குரல்ல, "நின்னுச்சா?" வினோ என்னைப் பாக்குறா. இல்லைன்னு சொல்ல வாயைத் திறக்கிறா, எனக்குத் தெரியுது, எனக்காகப் பொய் சொல்லப் போறா, அந்தப் புண்ணியம் வேற இவளுக்கா? "நின்னுச்சு ஆதி"ன்னேன் நானே. "இப்பத்தான் நின்னுச்சு. ஏன்னு கண்டுபிடிச்சுட்டேன். சாவிக்கொத்தோட கனம் இழுத்து இழுத்து இஞ்சினை அணைச்சிருக்கு. இப்பக் கழட்டியாச்சு. நூறுல வந்துக்கிட்டு இருக்கேன். இனிமே நிக்காது." "அந்தக் குண்டுக் கொத்தா? அதை எதுக்கும்மா கார் சாவியோட சேத்துக் கோத்த?"

எதுக்குக் கோத்தேன். ரோடு நேரா போகுது, வெயில்ல தண்ணி மாதிரி மினுங்குது, விராலிமலை தெரியுது. எதுக்குன்னு சொல்லணும். பிள்ளை கேக்குறா. இவ பக்கத்துல இருக்கா. சொல்லு தமயந்தி, உன் சித்தி எடுத்துறக் கூடாதுன்னு கோத்தேன்னு சொல்லு. "அம்மா? லைன்ல இருக்கியா?" வினோ போனை வாய்கிட்ட கொண்டு போனா. ஜன்னல் பக்கம் பாத்துக்கிட்டே, ரொம்பச் சாதாரணமா, "தொலைஞ்சு போயிறக் கூடாதுன்னுதான்டா"ன்னா. "லூசும்மா நீ"ன்னு சிரிக்கிறா என் மக, எத்தனை நாள் கழிச்சு என்கிட்ட சிரிக்கிறா. "சரி, பாத்து வா. நான் முன்சீட்டு. சித்தியைப் பின்னாடி உக்காரச் சொல்லு." வச்சுட்டா. என்கிட்ட முன்சீட்டு கேக்குறா. என் பக்கத்துல. கண்ணு மறைக்குது, தொடைச்சுக்கிட்டே ஓட்டுறேன். வினோ ஒண்ணும் நடக்காத மாதிரி மீதிச் சுளையை என் வாய்கிட்ட நீட்டுறா. தொலைஞ்சு போயிறக் கூடாதுன்னுதான். என்ன அழகா சொல்லிட்டா பாரு. எனக்கு ஏன் அது வாயில வரலை?